சேலத்தில் வாரச் சந்தையும் வீட்டுப் பண்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு சேலத்தில் ஒரு காலி மனையில் பதினான்கு பேர் கடை போடுகிறோம். ஒன்பது பேர் விவசாயிகள், ஐந்து பேர் என்னைப் போல வீட்டில் தொக்கு, பொடி, வடாம் செய்பவர்கள். பத்து மணிக்கெல்லாம் தார்ப்பாயைச் சுருட்டிவிடுவோம். "எங்க ஏரியாவுல ஒண்ணு ஆரம்பிக்கணும்க்கா, எப்படி?" என்று வாரம் இரண்டு பேராவது கேட்கிறார்கள். காய் நிறுத்துக்கொண்டே பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதி இங்கே.

உழவர் சந்தைதான் இருக்கிறதே, இன்னொரு சந்தை எதற்கு?

நீங்கள் சொந்த நிலத்தில் காய் போடும் விவசாயி என்றால் முதலில் உழவர் சந்தைக்கே போங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். சேலத்தில் சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி என்று பல இடங்களில் இருக்கிறது. நிலத்துக்கான சான்றைக் காட்டி அடையாள அட்டை வாங்கிவிட்டால் கடைக்கு வாடகை இல்லை, தராசும் அவர்களே தருவார்கள், தரகு என்ற பேச்சே கிடையாது. இதைவிட நல்ல ஏற்பாட்டை நானும் நீங்களும் சேர்ந்து செய்துவிட முடியாது.

ஆனால் அந்த அட்டை விளைபொருளுக்குத்தான், ஊறுகாய்க்கு இல்லை. குத்தகை நிலத்தில் பயிர் செய்பவருக்குக் காகிதம் சேர்ப்பதே பெரும்பாடு. மலையில் நாலு மிளகுக்கொடி, ரெண்டு பட்டர் புரூட் மரம் வைத்திருப்பவர் மாதத்தில் ஒருநாள் கொண்டுவரும் சாக்குக்கு அங்கே போய் நிற்பதும் கட்டுப்படியாகாது. நம் சந்தை இவர்களுக்கானது. உழவர் சந்தைக்குப் போட்டியாக ஆரம்பிக்காதீர்கள், தோற்றுப்போவீர்கள்.

எத்தனை கடையோடு ஆரம்பிக்கலாம்?

ஆறு போதும். கீரை ஒருவர், நாட்டுக்காய் இரண்டு பேர், பழம் ஒருவர், முட்டையோ தேங்காயோ ஒருவர், வீட்டுப் பண்டம் ஒருவர்.

நாங்கள் ஆசைப்பட்டு இருபது கடையோடு ஆரம்பித்தோம். அதில் ஐந்து பேரிடம் தக்காளி. எட்டரை மணிக்கு ஒருவர் கூறு போட்டு விலையை இறக்கினார், பக்கத்துக் கடைக்காரர் அதைவிட இறக்கினார். ஒன்பது மணிக்குப் பறித்த கூலிகூடத் தேறாத விலையில் ஐந்து பேரும் கிரேட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் இருபதில் பதினொன்றுதான் வந்தது. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வாட்ஸ்அப்பில் யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டுவிடுகிறோம். ஒரு காய்க்கு இரண்டு கடை, அதற்கு மேல் இல்லை.

இடத்துக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

மனைக்காரரிடம் எழுத்தில் ஒரு சம்மதக் கடிதம், இதுதான் முதல் காகிதம். தனியார் இடத்தில் சந்தை நடத்த உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். மாநகராட்சிக்குள் என்றால் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்ற நான்கு மண்டல அலுவலகங்களில் உங்களுடையது எதுவோ அங்கே போங்கள். கிராமப்புறம் என்றால் ஊராட்சியும் ஊராட்சி ஒன்றிய அலுவலகமும். காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிடுவது நல்லது, வண்டி நிறுத்தத்தில்தான் முதல் தகராறு வரும்.

சாலையோரத்தில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அது 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தின் கீழ் வேறு கணக்கு. அந்தச் சட்டத்தில் தரும் வியாபாரச் சான்று ஒவ்வொரு வியாபாரிக்கும் தனித்தனியே வழங்கப்படுவது. அதை வைத்துச் சந்தை நடத்த முடியாது.

இடம் பார்க்கும்போது தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி வரும் பெண்கள் பத்து மணி வரை நிற்கிறார்கள். நாங்கள் எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டு வாங்கிய உதவி அது. இன்றும் அவருக்கு முதல் கட்டுக் கீரை காசில்லாமல் போகிறது.

எந்தக் கிழமை வைப்பது? மாதம் இருமுறை போதாதா?

போதாது. என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்.

நம் ஊரில் சந்தைக்குப் பெயரே கிழமைதான். கொங்கணாபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை என்றால் யாரும் தேதி பார்த்துக் கிளம்புவதில்லை. "ரெண்டாவது ஞாயிறும் நாலாவது ஞாயிறும்" என்று வைத்தீர்களானால், வாங்க வருபவர் காலண்டரைப் பார்க்க வேண்டும். பார்க்க மாட்டார். ஒரு வாரம் வந்து காலி மனையைப் பார்த்துத் திரும்பிப் போனவர் மறுபடி வர ஆறு மாதம் ஆகும். நாங்கள் ஒருமுறை முகூர்த்த நாள் என்று லீவு விட்டோம். அடுத்த இரண்டு வாரமும் பாதிக் கூட்டம்தான்.

காய்கறி வாரம் முழுக்கத் தேவைப்படுகிற பொருள், அதற்காகத்தான் ஆள் வருகிறது. தொக்கு பாட்டில் யாருக்கும் வாராவாரம் தேவைப்படாது. ஆனால் வாராவாரம் உங்கள் முகத்தைப் பார்த்துக் கத்தரிக்காய் வாங்குகிறவர், மூன்றாவது வாரம் "இது என்னக்கா?" என்று பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பார். காய்க்கடை இல்லாத இடத்தில் பண்டக்கடை மட்டும் போட்டால் அது கண்காட்சி ஸ்டால். ஒருநாள் விற்கும், அவ்வளவுதான். பண்டக்காரர்கள் காய்க்காரர்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எங்கள் சந்தையில் பண்டக்கடைக்கு இடக்காசு 100 ரூபாய், காய்க்கடைக்கு 30.

விலை யார் வைப்பது?

அவரவர்தான். அன்றைக்கு உழவர் சந்தைப் பலகையில் எழுதியிருக்கும் விலையை ஒருவர் போனில் படம் எடுத்து அனுப்புவார். அதை ஒட்டி ஏற இறங்க வைத்துக்கொள்கிறோம். எட்டு மணிக்கு முன் யாரும் விலையை இறக்கக் கூடாது என்பது மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்ட கட்டுப்பாடு.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். தொழிலாளர் துறையில் எடையளவுப் பிரிவு பார்க்கிறது. முத்திரைச் சான்றைத் தராசுப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

ஏற்காட்டுக்காரர்கள் எப்படி வந்து விற்பது?

அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு, டவுனுக்கு முப்பது கிலோமீட்டர்போல. ஒரு சாக்குக்காக ஒரு ஆள் பஸ்ஸில் வந்து போனால் ஒருநாள் கூலி போய்விடும். நாகலூர், வெள்ளக்கடைப் பக்கமிருந்து வருகிற எங்கள் ஆட்கள் நாலு வீட்டுச் சரக்கையும் ஒரே மினி ஆட்டோவில் ஏற்றி, முறை வைத்து ஒருவர் மட்டும் கூட வருகிறார். சாக்கில் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். மே மாதம் கோடை விழா நடக்கும்போது பாதையில் வண்டி நகராது. அந்த வாரங்களில் நடுராத்திரியில் இறங்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் குப்பனூர் வழியைப் பார்ப்பார்கள்.

மலைச் சரக்கு பருவத்துக்குத் தகுந்து மாறும். மார்கழியிலும் தையிலும் காப்பிப் பழம் பறிக்கும் வேலை, யாரும் இறங்க மாட்டார்கள். மாசியில் புது மிளகு வரும். கோடையில் பலா, அப்புறம் பட்டர் புரூட். டவுனில் பட்டர் புரூட்டை அமுக்கிப் பார்த்தே கெடுத்துவிடுவார்கள். அதனால் காயாக இருக்கும்போதே கொண்டுவந்து, "அரிசிப் பானையில் வையுங்க, நாலு நாள்ல பழுக்கும்" என்று சொல்லிக் கொடுக்கிறார் எங்கள் வெள்ளக்கடை அண்ணன்.

காப்பி மட்டும் கொட்டையாகக் கொண்டுவந்து பிரயோஜனமில்லை, வறுத்து அரைத்த தூள்தான் போகும். ஏற்காட்டில் 1820 வாக்கில், காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் காலத்தில் வந்த பயிர் அது. இருநூறு வருஷம் ஆகியும் மலைவீட்டுத் தூளை அடிவாரத்தில் வாங்க வழியில்லாமல் இருந்தது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வீட்டில் செய்த பண்டத்துக்கும் லைசென்ஸ் வேண்டுமா?

பதிவு வேண்டும். "நாலு பாட்டில்தானே" என்ற பேச்சு செல்லாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறு தயாரிப்பாளருக்கு லைசென்ஸ் இல்லை, அதைவிட எளிதான பதிவு இருக்கிறது. நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். எல்லையும் கட்டணமும் அவ்வப்போது மாற்றப்படும். விண்ணப்பிக்கும் அன்று, இந்தப் பதிவுக்கான ஃபாஸ்காஸ் இணையதளத்தில் இருப்பதே கணக்கு. போட்டோ, ஆதார், முகவரிச் சான்று இருந்தால் உட்கார்ந்த இடத்தில் முடியும். கிடைக்கும் 14 இலக்க எண்ணை ஒவ்வொரு பாட்டிலிலும் போட வேண்டும், சான்றைக் கடையில் மாட்ட வேண்டும்.

அங்கேயே சுட்டுக் கொடுக்கும் தட்டுவடை செட், பணியாரம் கடைக்கும் இது பொருந்தும். தட்டுவடை செட் போடுகிற தம்பி ஒருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பீட்ரூட், கேரட் துருவலுக்கு அவர் நம் சந்தைக் காயையே வாங்குவார், அவரைச் சுற்றி நிற்கும் கூட்டம் நம் கடைகளையும் பார்க்கும்.

லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும்?

பண்டத்தின் பெயர், சேர்த்த பொருள்கள் (அதிகம் சேர்த்தது முதலில்), நிகர எடை, செய்தவர் பெயரும் முகவரியும், செய்த தேதி, எதுவரை உண்ணலாம் என்ற தேதி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), பதிவு எண், சைவம் என்றால் பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி, அதிகபட்சச் சில்லறை விலை. புகாருக்கு ஒரு போன் நம்பர். எள், கடுகு, வேர்க்கடலை சேர்த்திருந்தால் ஒவ்வாமை உள்ளவர்கள் கண்ணில் படும்படி எழுதுங்கள்.

"சர்க்கரை நோய் குணமாகும்", "மூட்டுவலி போகும்" என்றெல்லாம் முருங்கைப் பொடியில் போடுவதை நிறுத்துங்கள். நோயைத் தீர்க்கும் என்று உணவு லேபிளில் எழுதச் சட்டம் விடாது. ருசியாக இருந்தால் அவர்களே வாங்குவார்கள்.

முதலில் எந்தப் பண்டம் செய்யலாம்?

சந்தையில் மீந்த காய் எதுவோ அதிலிருந்து செய்யக்கூடியது. ஞாயிறு பத்து மணிக்குத் தக்காளி ரெண்டு கிரேட் மீந்தால், விவசாயிக்கு அதைத் திருப்பி ஏற்றிப் போகும் செலவு மிச்சம், எனக்கு அன்று மதியமே தொக்கு. வாழைப்பூ, கறிவேப்பிலை, பிரண்டை எல்லாம் பொடியாகும். சேலத்துக்கு ஜவ்வரிசி ஊர் என்று பெயர், அதனால் ஜவ்வரிசி வடாம் கேட்காதவர் இல்லை. ஆனால் அது மாசி, பங்குனி வெயிலில் வருஷத்துக்குச் செய்து அடுக்குகிற பண்டம். ஏற்காட்டில் இருப்பவர்கள் வடாம் ஆசையை விட்டுவிடுங்கள், பனியில் காயாது, மூன்றாம் நாள் புளித்த வாடை வரும். உங்களுக்கு மிளகும் காப்பித்தூளும் போதும்.

முறுக்கு வேண்டாம். ஆட்டையாம்பட்டி பக்கத்தில் இருக்கும்போது நாம் கை முறுக்கு சுற்றி யாரை அசத்துவது?

ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் இருக்க என்ன செய்வது?

முதல் வருஷம் சித்திரையில் நாற்பது பாட்டில் மாங்காய் ஊறுகாய் போட்டேன். பதம் தெரியும், அம்மா கைப்பக்குவம், உப்பும் நல்லெண்ணெயும் தாராளம். பதினைந்தாம் நாள் ஒரு வாடிக்கையாளர் பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மூடி நடுவில் சின்னதாக உப்பியிருந்தது, கழுத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்து லேபிள் ஊறிப்போயிருந்தது. திறந்தபோது சோடா மாதிரி ஒரு "புஸ்". முகர்ந்து பார்க்கவே தேவைப்படவில்லை. விற்ற இருபத்திரண்டையும் போன் போட்டுத் திரும்ப வாங்கிக் காசைக் கொடுத்தேன், மிச்சத்தைக் குழி வெட்டிக் கொட்டினேன்.

காரணம் மாங்காய் இல்லை, ஈரம். கழுவிய காயைத் துணியில் துடைத்ததோடு விட்டேன், அரிவாள்மனையில் நறுக்கிய துண்டைக் காயவைக்கவில்லை. பாட்டிலைக் கழுவி மதியமே நிரப்பினேன், அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் போதும். இப்போது துண்டுகளை உப்புப் பிசறி இரண்டு நாள் வெயில் காட்டுகிறேன். பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுத்து, கவிழ்த்து, வெயிலில் சுடச்சுடக் காயவைத்துத்தான் நிரப்புகிறேன். துண்டு எதுவும் வெளியே தெரியாமல் மேலே விரற்கடை உயரம் எண்ணெய் நிற்க வேண்டும்.

பூண்டை வெறும் எண்ணெயில் ஊறவைத்து விற்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். புளிப்பில்லாத பண்டத்தில் காற்றுப் புகாமல் எண்ணெய் மூடிய இடத்தில்தான் உயிருக்கே ஆபத்தான நச்சுக்கிருமி வளரும், வாடையும் வராது. பூண்டு ஊறுகாய் என்றால் புளியோ எலுமிச்சையோ நன்றாகச் சேர்த்து, புளிப்புக் காடியாக இருக்க வேண்டும். புளிப்பை அளக்கும் பி.எச். தாள் வாங்கிப் பாருங்கள், 4.6-க்குக் கீழே வர வேண்டும். நான் 4-க்கு மேல் விடுவதில்லை. சந்தேகம் வந்தால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒருமுறை போய்க் கேளுங்கள்.

எவ்வளவு விலை வைப்பது? எல்லோரும் அதிகம் என்கிறார்களே.

ஒரு தொக்குக் கணக்கு சொல்கிறேன். தக்காளி 10 கிலோ, கிலோ 20 என்றால் 200 ரூபாய். நல்லெண்ணெய் ஒரு லிட்டர் 400. மிளகாய்த்தூள், புளி, உப்பு, கடுகு, வெந்தயம், பெருங்காயம் எல்லாம் 200. ஆக 800. சுண்டி இறக்கினால் மூன்றேகால் கிலோ தேறும், கால் கிலோ பாட்டிலில் பதின்மூன்று. பாட்டிலுக்கு 62 ரூபாய் என்று கணக்குப் போட்டு, "நூறுக்கு வித்தா நாற்பது ரூபா லாபம்" என்று சந்தோஷப்படுவோம். நானும் பட்டேன்.

கேஸ் 120, பாட்டில் 182, லேபிள் 39. அடுப்பு முன் ஐந்து மணி நேரம் நின்றது யார்? மணிக்கு 80 என்றாலும் 400. இப்போது கூட்டினால் 1,541, பாட்டிலுக்கு 118 ரூபாய் 50 காசு. இடக்காசும் வண்டிக்கூலியும் பாட்டிலுக்குப் பத்து ரூபாய். நூறு ரூபாய்க்கு விற்றவர் ஒவ்வொரு பாட்டிலோடும் 28 ரூபாயைக் கையில் வைத்து அனுப்பியிருக்கிறார், அதுவும் தன் கூலியிலிருந்து. நான் 160 வைக்கிறேன். அதிகம் என்பவர்களுக்கு நூறு கிராம் பாட்டில் வைத்திருக்கிறேன்.

கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கலாமா?

கொடுத்துப் பார்த்தேன். டவுனில் ஒரு கடை, "விற்றதும் காசு" என்றார்கள். மூன்று மாதம் நடந்து பாதிக் காசு வந்தது, மீதிக்குத் தேதி தாண்டிய பாட்டில் வந்தது. கைக்குக் காசு தரும் கடைக்கு மட்டும் கொடுங்கள்.

"இயற்கை விளைச்சல்" என்று பலகை வைக்கலாமா?

விளைவித்த விவசாயியே நேரடியாகச் சாப்பிடுபவருக்கு விற்கும்போது சான்று கட்டாயமில்லை. அதையே பாக்கெட் போட்டு வேறு கடையில் வைத்தால் சான்று வேண்டும். ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று பெறும் பி.ஜி.எஸ். முறை இருக்கிறது, செலவு குறைவு. எங்கள் சந்தையில் பலகையே கிடையாது. மருந்து அடித்தவர் அடித்தேன் என்று சொல்கிறார், எப்போது அடித்தேன் என்பதையும். ஜனம் அதற்கும் வாங்குகிறது.

கவர் கொடுக்கலாமா?

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மஞ்சப்பை கொண்டுவரச் சொல்லுங்கள். மறந்தவருக்குப் பத்து ரூபாய்க்குத் துணிப்பை, அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்தால் காசு வாபஸ். திருப்பிக் கொடுக்கவென்றே சிலர் வருவதையும் பார்க்கிறேன்.

மழை வந்தால் என்ன செய்வீர்கள்?

போடுவோம். தார்ப்பாய், கயிறு, நாலு சவுக்குக் கம்பு மனையிலேயே ஒரு மூலையில் கிடக்கிறது. ஐப்பசியில் ஒரு ஞாயிறு விடிய விடிய அடித்த மழையில் மூன்று கடைதான் வந்தது, கீரைக்கார அக்கா, வாழப்பாடி அண்ணன், நான். ஏழு மணி வரை ஒரு ஆள் இல்லை. பிறகு ஒரு பெரியவர் குடையைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் கட்டி, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். "இருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன், சும்மா எட்டிப் பார்க்கலாம்னு வந்தேன்" என்றார். கால் கிலோ அவரைக்காய் வாங்கினார். பை கொண்டுவரவில்லை.